நாற்பத்து மூன்றாம் பக்கத்தின் சிறப்புகள்

இதை நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் விட்டுவிடலாம். தொப்பூர் இறக்கம் இரண்டு பேரையும் ஒரே வேகத்தில்தான் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எழுபத்து நாலாம் வருஷம். அரபு நாட்டில் குழாயைத் திருகி மூடிவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். தர்மபுரியில் டீசலுக்கு லாரிகள் கல்யாணப் பந்திக்கு நிற்பது போல வரிசையில் நின்றன. நாட்டுக்கு ஒரு கஷ்டம் வந்தால் உடனே புத்தகம் எழுதக் கை துடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் பக்கத்தில் அவர் பெயர் சவுரியப்பன். ஏதோ ஓர் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தே ஓய்வு பெற்று, வீட்டிலும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவர். அவர் 'டீசல் சிக்கனத் திருவழி' என்று ஒரு புத்தகம் எழுதினார். லாரி முதலாளிகள் கூடி அதை அச்சடித்து டிரைவர் ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். படித்தானா என்று கேள்வி கேட்டும் பார்த்தார்கள்.

அதன் நாற்பத்து மூன்றாம் பக்கம் இப்படிச் சொன்னது: 'இறக்கம் கண்டதும் எஞ்சினை நிறுத்துக. கியரை விடுவிக்க. வண்டியை இயற்கையின் கையில் ஒப்படைக்க. இறக்கம் என்பது இறைவன் இலவசமாகத் தந்த டீசல்.'

லாரியில் எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு உயிர். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினால் முதல் மிதிக்குக் கொஞ்சம் பிடிக்கும். அப்புறம் பெடல் மட்டும் காலோடு போய்ப் போய் வரும். இது டிரைவர்களுக்குத் தெரியும், கிளீனர்களுக்குத் தெரியும், முதலாளிகளுக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. ஆனால் அச்சில் ஏறிவிட்ட விஷயத்தை வாயால் எப்படி மறுப்பது?

முதலில் ஒரு வெங்காய லாரி பள்ளத்துக்குப் போனது. அடுத்து ஒரு மஞ்சள் லாரி. அதற்கப்புறம் ஓடைத் தண்ணீர் மஞ்சளாக ஓடி, குளிக்கப் போன எருமைகள் மணப்பெண் மாதிரி கரையேறின. கணவாய்க் குரங்குகள் புத்தகத்தைப் படிக்காமலேயே புரிந்துகொண்டன. சத்தத்தோடு லாரி வந்தால் ரோட்டோரம் உட்கார்ந்து பொரிக்குக் கை நீட்டும். சத்தமில்லாமல் வந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிடும்.

இறக்கத்தின் அடியில் அப்துல் ரஷீத் டீக்கடை வைத்திருந்தார். விழுந்தவர்களைத் தூக்கி வந்தால் முதலில் கிடத்துவது அவர் கடை பெஞ்சில்தான். அப்புறம் ஆஸ்பத்திரி வண்டி வரும், அல்லது வேறு வண்டி வரும். காலையில் நாங்கள் டீக்குப் போகும்போது பெஞ்சு ஈரமாக இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டோம். நின்றுகொண்டே குடித்துவிட்டு வருவோம்.

ரஷீத்தின் தங்கை நசீம் பானு தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவள் புருஷன் முகம்மது கவுஸ் பெங்களூருக்கும் சேலத்துக்கும் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கும் ஒரு புத்தகம் கிடைத்திருந்தது. வண்டி ஷெட்டுக்குத் திரும்பியதும் முதலாளி டாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டு எவ்வளவு டீசல் மிச்சம் என்று பார்ப்பார். குச்சி நனையாவிட்டால் வேலை போய்விடும். கவுஸ் மேல் வளைவுவரை எஞ்சினை நிறுத்தி, செங்குத்து வந்ததும் திருட்டுத்தனமாக மறுபடி போட்டுக்கொண்டு இறங்கினான். குச்சி பாதிதான் நனைந்தது. முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள் கவுஸ் டீக்கடையில் உட்கார்ந்து மச்சானிடம் விஷயத்தைச் சொன்னான்.

"முதலாளி ஒரே பேச்சா சொல்லிட்டாரு மச்சான். அச்சுல வந்ததை அச்சுலதான் மறுக்கணுமாம். இந்தப் பக்கம் தப்புன்னு யாராச்சும் மதிப்புரை எழுதி, அது பேப்பர்ல வந்துடுச்சுன்னா, மறுநாளே எஞ்சினைப் போட்டுக்கிட்டே எறங்கச் சொல்றேங்கறாரு. நீங்கதான் நாலு புத்தகம் படிக்கற ஆளு. எழுதுங்க."

ரஷீத் அன்றைக்கே எழுதினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 'புத்தகத்தைப் படித்தேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சொன்னபடி செய்தால் ஆள் செத்துப்போவான். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றதைப் படிக்கலாம்.' அவ்வளவுதான் மதிப்புரை. அதற்குமேல் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

வாரப் பத்திரிகைக்காரர் அதை வாசித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கழகத்து முத்திரை இல்லாமல் மதிப்புரை போடுவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கழகம் என்றால் நியாய மதிப்புரைக் கழகம். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு கவிஞரும் அவர் கவிதைக்கு மதிப்புரை எழுதியவரும் குடையால் அடித்துக்கொண்டார்கள். இரண்டு குடையும் போயிற்று. இனிமேல் இந்த வட்டாரத்தில் யாருடைய மனசும் குடையும் உடையக்கூடாது என்று பெரியவர்கள் கூடி ஆரம்பித்ததுதான் கழகம். வெளியாகும் ஒவ்வொரு மதிப்புரையும் நியாயமாக, ஆக்கபூர்வமாக இருக்கிறது என்று அவர்கள் முத்திரை குத்தித் தரவேண்டும்.

புளி மண்டிக்கு மாடியில் அவர்கள் ஆபீஸ். ரஷீத் தனியாகப் போகத் தயங்கியதால் நானும் துணைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரு பெரிய தராசு, மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசு, உத்தரத்திலிருந்து தொங்கியது. அதன் ஒரு தட்டுக்கு மேலே நிறை என்றும் இன்னொன்றுக்கு மேலே குறை என்றும் சுவரில் எழுதியிருந்தது. தராசுக்குப் பின்னால் தலைவர் மாது உட்கார்ந்திருந்தார். பழக்கடைக்காரர் பழத்தைத் தொடுகிற மாதிரி எல்லாவற்றையும் பதமாகத் தொடுகிற மனுஷர்.

நியாயம் என்றால் என்ன என்று எல்லாரும் பேசுகிறார்கள், யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை, நாங்கள் பார்க்கிறோம் என்று அவர் விளக்கினார். மதிப்புரையில் ஒரு குறை சொன்னால் அதற்குரிய எடைக்கல்லைக் குறைத் தட்டில் வைப்பார்கள். ஒரு நிறை சொன்னால் நிறைத் தட்டில். இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது முத்திரை. எழுத்துப்பிழைக்குக் கால் கிலோ, சலிப்புக்கு அரைக் கிலோ, கதாநாயகி ஒட்டவில்லை என்றால் ஒரு கிலோ என்று சுவரில் பட்டியல் மாட்டியிருந்தது. உயிர் போவதற்கு எடை போட்டிருக்கவில்லை. இதுவரைக்கும் யாரும் அந்தக் குறையைக் கொண்டுவந்ததில்லையாம். கொஞ்சம் யோசித்துவிட்டு மாது கீழே மண்டியிலிருந்து இருபது கிலோ கல்லை வரவழைத்தார். அதைக் குறைத் தட்டில் வைத்ததும் தட்டு தரையில் மோதிய சத்தத்தில் பல்லி ஒன்று சுவரைவிட்டு விழுந்தது.

"இதுக்கு ஈடா நிறை சொல்லுங்க பாய்" என்றார்.

"நிறை ஒண்ணும் இல்லீங்களே. ஆளு சாவறானுங்க."

"அது உங்க கருத்து. கருத்தை நாங்க தடுக்கறதே இல்ல. எதிர்த் தட்டுல கல்லு வெச்சிட்டுச் சொல்லுங்கங்கறோம், அவ்வளவுதான். இந்தக் கழகம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்க முத்திரையோட வந்த மதிப்புரையால ஒரு புத்தகம்கூட மனசு நொந்ததில்ல. படிச்சவன் எவனாவது நொந்திருக்கலாம். அது எங்க பொறுப்புல வராதுங்க."

ரஷீத் புத்தகத்தைப் புரட்டினார். தாள் கெட்டியாக இருக்கிறது என்றார். மாது ஒரு சின்னக் கல்லை எடுத்து வைத்தார். அட்டையில் லாரிப் படம் லாரி மாதிரியே இருக்கிறது என்றார். இன்னொரு சின்னக் கல். நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்தாற்போல் நாற்பத்து மூன்றாம் பக்கம் சரியாக வருகிறது என்றார். இதற்கு மாது கொஞ்சம் பெரிய கல்லாகவே வைத்தார். ஆனால் தராசு அசையவில்லை. இருபது கிலோ அப்படியே தரையோடு உட்கார்ந்திருந்தது.

சரி, மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன் என்று ரஷீத் அவசரப்பட்டார். மாது கையைக் காட்டித் தடுத்தார். ஒரே நாளில் அளவுக்குமேல் புகழ்ந்தால் ஜால்ரா என்று நாலு பேர் சொல்வார்கள், நியாயம் கெட்டுவிடும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

அந்த வாரம் ஒரு தேங்காய் லாரி போனது. தேங்காய்கள் உருண்டு தொப்பூர் வரைக்கும் வந்தன. டிரைவர் வரவில்லை.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் ரஷீத் கடையைப் பூட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் போனார். புத்தகம் கைக்கு அடக்கமாக இருக்கிறது என்றார். மழையில் நனைந்தால் காயவைக்கலாம் என்றார். ஒவ்வொரு நிறைக்கும் ஒரு கல். ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தில் இன்னும் என்ன நல்லது இருக்கிறது என்று யோசித்து யோசித்து மனுஷன் கன்னம் ஒட்டிப்போனார். இடையில் ஒரு தீப்பெட்டி லாரி போனது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

கல் பதினெட்டுக் கிலோ சேர்ந்ததும் அவரை மென்மைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ராமக்காள் டீச்சர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரையும் தம்பி என்று கூப்பிடுவார், வந்தவர்களுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார். மதிப்புரையில் கூரான சொல் எதுவும் இருந்தால் அதை எடுத்துவிட்டு மழுங்கின சொல்லை வைப்பது அவர் வேலை. 'ஆள் செத்துப்போவான்' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்ளோ பச்சையா சொல்லலாமா தம்பி? எழுதினவருக்கு வயசாச்சு. அவரு வூட்டம்மா படிப்பாங்க. கொழந்தைங்க படிக்கும்."

"டிரைவருங்களுக்கும் வூட்டம்மா இருக்காங்க டீச்சர்."

"அவங்களும் படிப்பாங்கல்ல. அவங்க மனசு மட்டும் நோகலாமா? அதுக்குத்தான சொல்றேன்."

அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தோடு டீச்சர் போராடினார். செத்துப்போவான் என்பது காலமாவார் ஆயிற்று. காலமாவார் என்பது பயணத்தை நிறைவு செய்வார் ஆயிற்று. அதுவும் கொஞ்சம் குத்துகிறது என்று சொல்லி, கடைசியில், 'எதிர்பார்த்ததைவிட விரைவாக இலக்கை அடைவார்' என்று முடித்தார். வாசித்துக் காட்டும்போது அவருக்கே கண் கலங்கியது. ரஷீத் வாயில் வெல்லத்தை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கடைசிச் சடங்கு ஆசிரியர் சந்திப்பு. எழுதியவர் முகத்துக்கு நேராகக் குறையைச் சொல்லி, அதைச் சரிசெய்ய ஒரு வழியும் சொல்லவேண்டும். வழி சொல்லாத குறை அழிவுக் குறை, அதற்கு முத்திரை கிடையாது. சவுரியப்பன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமே படாத மனுஷர். ரஷீத் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நீங்க லாரியில ஏறியிருக்கீங்களாய்யா?" என்று ரஷீத் கேட்டார்.

"ஏறினதே இல்ல பாய். அதனாலதான் என்னால விருப்பு வெறுப்பு இல்லாம எழுத முடிஞ்சுது. டிரைவரைக் கேட்டா அவனுக்கு உசுரு மேல ஆசை, ஒருபக்கமாத்தான் பேசுவான். நானும் விசாரிக்காம இல்லீங்க. விழுந்த வண்டி ஒவ்வொண்ணுக்கும் ஆள் விட்டு டாங்கியைப் பார்த்துட்டு வரச் சொன்னேன். அத்தனையிலயும் டீசல் மிச்சம் இருந்துது. ஒரு வண்டியாச்சும் டீசல் தீர்ந்து நடுவழியில நின்னுதுன்னு சொல்லுங்க, புத்தகத்தையே திரும்ப வாங்கிக்கறேன்."

மாது அதைக் கேட்டு நெகிழ்ந்துபோனார். வழி சொல்லுங்கள் பாய் என்று நினைவுபடுத்தினார். எஞ்சினை நிறுத்துக என்பதை நிறுத்தாதீர் என்று மாற்றினால் போதும் என்றார் ரஷீத். சவுரியப்பன் வருத்தத்தோடு சிரித்தார். அப்படி மாற்றினால் அது வேறு ஆளுடைய புத்தகமாகிவிடும், என் புத்தகத்துக்கு வழி சொல்லுங்கள் என்றார். இப்படியே மத்தியானம் ஆயிற்று. ரஷீத் தளர்ந்துவிட்டார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'கவனம் தேவை' என்று ஒரு வரி இருந்தது. இதையாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் போட்டிருக்கக் கூடாதா என்று முனகினார்.

மாது சட்டென்று நிமிர்ந்தார். "பெரிய எழுத்து. இதுதாங்க ஆக்கபூர்வம்" என்றார். முனகலை எழுதிக்கொண்டார்கள். அதற்கு இரண்டு கிலோ வைத்தார்கள். தராசு மெள்ள ஆடியது. இருபது கிலோக் கல் தரையைவிட்டு எழும்பி, இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நின்றன. கழகத்துக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்று தராசுக்குக் கும்பிடு போட்டார்கள்.

கையெழுத்துப் போடுமுன் ரஷீத் வாசித்துப் பார்த்துவிட்டு, நான் சொன்ன விஷயம் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மதிப்புரை படித்துப் பழகினவனுக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும் என்றார் மாது. வேண்டாம் என்றால் எழுந்து போகலாம், வேறு விதமாக எழுதிக்கொண்டு முதலிலிருந்து வரலாம், கல்லெல்லாம் இங்கேதான் இருக்கும் என்றும் சொன்னார். ரஷீத் என்னைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து என்றால் அதற்குள் எத்தனை லாரி என்று அவர் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. போட்டுவிட்டார்.

மதிப்புரை வந்தது. பாதிப் பக்கத்துக்குத் தாளும் அட்டையும் பக்க எண்ணும். அதற்கு அடியில்: 'நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் கடைப்பிடிப்பவர் எதிர்பார்த்ததைவிட விரைவாக இலக்கை அடைவார். இப்பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் ஓட்டுநர்கள் பயன்பெறுவர். அப்துல் ரஷீத், தேநீர்க் கடை, தொப்பூர்.'

முதலாளிகள் அதை ஷெட்டில் உரக்க வாசித்தார்கள். இறக்கத்தின் அடியிலேயே கடை வைத்திருக்கிற ஆள், இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், அவரே சொல்லிவிட்டார் என்றார்கள். இரண்டாம் பதிப்பு உடனே போட்டார்கள். நாற்பத்து மூன்றாம் பக்கம் மட்டும் சினிமா போஸ்டர் எழுத்தில், தனியாகப் பிரித்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி வந்தது. ரஷீத்தின் வார்த்தை அட்டையில் இருந்தது. அதுவரை பயந்து பயந்து ஏமாற்றிக்கொண்டிருந்த டிரைவர்கள்கூடக் கடையில் வண்டியை நிறுத்தி, பாய் சொன்ன பிறகு தைரியம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சொல்லவில்லை, செய்யாதீர்கள், செத்துப்போவீர்கள் என்று ரஷீத் ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கத்தினார். பெரிய மனுஷர் ஆனபிறகும் அடக்கமாக இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

கவுஸ் வந்தபோது சிரிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எஞ்சினைப் போட்டுக்கிட்டே எறங்கு மாப்ளே. வேலை போனா போகட்டும். இங்க வந்து டீ ஆத்து" என்றார் ரஷீத்.

"நான் உங்களை நம்பறேன் மச்சான். முதலாளி அச்சை நம்பறாரு. வண்டி அவருது." ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வர்ற வெள்ளிக்கெழமை சவுரியப்பன் அய்யா என் வண்டியிலதான் ஏறப்போறாரு. அந்த ஒரு லோடு மட்டும் எறக்கிட்டு இங்கயே வந்துடறேன். அன்னிக்கு நான் மாட்டேன்னுட்டா ஷெட்டுல இருக்கற சின்னப் பையன் தலையில கட்டுவாங்க. அந்தப் பையனுக்கு எறக்கமே புதுசு" என்றான்.

விஷயம் இதுதான். இவ்வளவு நல்ல மதிப்புரை வந்த பிறகு தன் பக்கத்தை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசிரியருக்கு ஆசை வந்துவிட்டது. மதிப்புரையாளரின் மச்சான் வண்டி என்றால் பொருத்தமாக இருக்கும் என்று கழகத்தில் முடிவு செய்தார்கள். யாரும் வழியில் மனசு மாறி எஞ்சினைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, மேலே வளைவு வந்ததும் வண்டிச் சாவியை உருவி ஆசிரியர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல். ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு வந்த ரஷீத் கடையில் டீ போடவில்லை. மாது கழகத்தோடு காரில் வந்து இறங்கினார். ஆசிரியருக்கு ஒரு மாலை, டிரைவருக்கு ஒரு மாலை, ரஷீத்துக்கு ஒரு பொன்னாடை. படம் எடுக்க ஒருத்தர். ராமக்காள் டீச்சர் தன் டப்பாவிலிருந்து எல்லாருக்கும் வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தார். நசீம் பானு பின்கட்டிலிருந்து வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். வண்டி காலையிலேயே யாருக்கும் சொல்லாமல் வேறு பக்கம் போயிருக்கக்கூடாதா என்று அவள் நினைத்திருப்பாள் என்று தோன்றியது. அண்ணனிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"பாய்ஜான், நீங்க எழுதினதை இவங்க யாருமே படிக்கலியா?"

"எல்லாரும் படிச்சாங்கம்மா" என்றார் ரஷீத்.

மேலே முதல் வளைவில் ஒரு லாரியின் சத்தம் கேட்டது. பாரம் ஏற்றிய வண்டியின் கனத்த உறுமல். அவர்தான் என்றாள் நசீம் பானு. நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். உறுமல் வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

பள்ளத்தாக்கு முழுக்க அப்படி ஓர் அமைதி. மாது கையிலிருந்த மாலையைச் சரிசெய்துகொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பூரிப்பு.

"கேளுங்க, சத்தமே இல்ல. ஒரு சொட்டு செலவில்லாம வர்றாரு" என்று சொல்லிக் கைதட்ட ஆரம்பித்தார்.

ரஷீத் பொன்னாடையைக் கீழே போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல், நடுரோட்டில் மேட்டைப் பார்த்து ஓடினார். கழகத்துக்காரர்கள் தட்டினார்கள். வேடிக்கை பார்க்க நின்ற டிரைவர்கள் தட்டினார்கள். பெரியவர்கள் தட்டும்போது சும்மா நிற்பது மரியாதையில்லை என்று நாங்களும் தட்டினோம். அந்தச் சத்தத்தில், மேலேயிருந்து வேறு எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.